கனத்த படகுக்கு ஒரு கால்

தென்காசியில் கோவிலின் மொட்டைக் கோபுரத்துக்கு வடக்கே ஒரு மாடி காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். ஆங்கில வாத்தியாராக வேலை கிடைத்து ஊருக்கு வந்த புதிது. அறுபதுகளின் தொடக்கம் அது. வீட்டுக்காரம்மா என்னிடம் சொந்த ஊர் எது என்று கேட்கவில்லை, இன்னாருக்கு உறவா என்று கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை நேராகப் பார்த்து, "உங்க கிட்ட என்ன குறை, சார்வாள்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "குறைன்னா?"

"குறைதான். எல்லாருகிட்டயும் ஒண்ணு இருக்குமுல்லா. குடிவந்த பெறகு தெரிஞ்சிக்கிடுததுக்கு இப்பமே தெரிஞ்சிக்கிட்டா நல்லது."

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அந்தப் பார்வையில் என்ன இருந்ததோ, "தூக்கத்துல பேசுவேன்" என்று வந்துவிட்டது. வீட்டில் அண்ணனைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம்.

"என்ன பேசுவிய?"

"பாடம் நடத்துவேன்னு சொல்லுவாங்க. சில நாள் பையங்களைத் திட்டவும் செய்வேனாம்."

அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "மாடில தனியாத்தான படுக்கப் போறிய, பரவால்ல. வீட்டோட குறையைச் சொல்லுதேன், கேட்டுக்கங்க. சாரல் அடிச்சா தென்மேற்கு மூலை ஒழுகும். கொத்தனாரை விட்டுப் பாத்தாச்சு, நிக்கல. அடுப்படிப் புகை வெளிய போகாது. எதுத்த வீட்டுக்காரர் விடியமுன்ன ஆர்மோனியப் பெட்டியை எடுத்துருவாரு. சொந்தமாப் பாட்டு வேற கட்டுவாரு. இதெல்லாம் சம்மதம்னா சாவியை வாங்கிக்கங்க."

வாங்கிக்கொண்டேன். எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தது. ஒழுகுகிற மூலை கூட அதே மூலைதான்.

ஊர் அவரை மரக்கடையக்கா என்று கூப்பிட்டது. செங்கோட்டை ரோட்டில் அவருக்கு மரக்கடை இருந்தது. கணவர் தவறிய பிறகு கடையை விற்றுவிடுவார் என்று எல்லாரும் நினைத்திருக்க, பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு போய்க் கடையில் உட்கார்ந்துவிட்டாராம். பிள்ளைகள் இல்லை. கொழுந்தன் மகள் ஒருத்தியை வைத்து வளர்த்து வந்தார். நல்ல உயரம். சேலை முந்தானையில் எப்போதும் கொஞ்சம் மரத்தூள் ஒட்டியிருக்கும்.

கடைக்கு வருகிறவர்களிடம் அவர் வியாபாரம் பண்ணுவதைப் பார்க்கவேண்டும் என்றே நான் சில சாயங்காலங்களில் போய் உட்கார்ந்திருக்கிறேன். "அண்ணாச்சி, இது வேங்கை. பலத்துக்குக் கேக்கவே வேண்டாம். ஆனா தண்ணி பட்டா சாயம் இறங்கும், வெள்ளையடிச்ச சுவரைக் கெடுத்துரும். அங்கன கிடக்கது அயினி. பூச்சி அரிக்காது, வெயில்ல போட்டா வாய் பிளக்கும். உங்களுக்கு எந்தக் குறை தோதுப்படும்னு பாத்துக்கங்க." கேட்டவர் திகைத்து நிற்பார். பிறகு அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு போவார். வாங்காமல் போனவரை நான் பார்த்ததில்லை.

அவர் வாங்கப் போனாலும் இதே கதைதான். ஒருமுறை மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்க என்னையும் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதல் கடைக்காரர் ஸ்டவ்வைத் துடைத்து முன்னால் வைத்தார்.

"இதுல என்ன குறை, அண்ணாச்சி?"

"குறையா? இதுலயா? குறைங்கிற பேச்சுக்கே இடமில்ல."

"சரி, வாறேன்" என்று அக்கா கிளம்பிவிட்டார். அடுத்த கடையில் இருந்த கிழவர் கொஞ்சம் யோசித்து, "ஊசி அடைச்சிக்கிடும், அடிக்கடி குத்தணும். வாசர் ஒரு மழைக்காலம் தாங்காது" என்றார். அக்கா அந்த ஸ்டவ்வை வாங்கிக்கொண்டார். இரண்டு கடையிலும் இருந்தது ஒரே ஸ்டவ்தான் என்று திரும்பி வரும்போது நான் சொன்னேன்.

"தெரியுமே" என்றார் அக்கா. "நல்லதைத்தான் எல்லாரும் சொல்லிருதாகளே. சொல்லாட்டாலும் அது தானாத் தெரிஞ்சிரும். நாம குடித்தனம் பண்ணப் போறது குறையோடல்லா?"

இந்தக் கேள்வி எப்போதும் சரியாக வேலை செய்தது என்று சொல்ல முடியாது. ஆர்மோனியக்காரர் வீட்டுக்குப் புது மருமகள் வந்திருந்தாள். ஒருநாள் கோவிலுக்குப் போகிற வழியில் அவளை நிறுத்தி அக்கா வழக்கம்போல, "உனக்கென்ன குறை, ஏட்டி?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். இங்கே வந்த நாளிலிருந்து உனக்கு என்ன குறைவைத்தார்கள் என்று கேட்கிறார்போல என்று நினைத்து, நடுத்தெருவிலேயே அழ ஆரம்பித்தாள். சாப்பாட்டுக்குக் கடைசியில் உட்காரவேண்டியிருப்பது, அம்மா வீட்டுக்கு அனுப்பாமல் இருப்பது, விடியற்காலைப் பாட்டு, எல்லாம் வந்தது. மாமியார் திண்டாடிப் போனாள். அக்கா வீட்டு வாசலில் வந்து அவள் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில், "நான் கேட்டது ஒண்ணு, அவ சொன்னது ஒண்ணு. ஆனா அவ சொன்னதும் நெசம்தான மதினி?" என்றார். அதற்குப் பிறகு அந்த மாமியார் அக்காவோடு பேசவில்லை. மருமகளை அடுத்த மாதமே அம்மா வீட்டில் இருந்துவிட்டு வர அனுப்பிவைத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

கொழுந்தன் மகளைப் பெண் பார்க்கக் கடையத்திலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை பி.ஏ. படித்தவர் என்று தரகர் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். பஜ்ஜி சாப்பிட்டு முடித்ததும் அக்கா மாப்பிள்ளைக்கு எதிரே போய் உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. தரகருக்கும் தெரிந்திருக்கவேண்டும், அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, உங்க கிட்ட என்ன குறை?"

மாப்பிள்ளையின் அம்மா, "எங்க பையனுக்கு என்ன குறை இருக்கு, ராசாவாட்டம்" என்று ஆரம்பிக்க, பையன் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினான். "நான் பி.ஏ. முடிக்கலை. கடைசிப் பரீட்சை அன்னைக்கு வாசல் வரைக்கும் போனேன். பயமாயிருந்தது. திரும்பி வந்துட்டேன். வீட்டுல பாஸுன்னு சொல்லிட்டேன்."

அவனைப் பெற்றவர்களுக்கே அது அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அந்தப் பையனின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்தவன் மாதிரி இருந்தான். அக்கா, "சரி, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். கல்யாணம் நடந்தது.

மனிதர்கள் ஏன் அவரிடம் மட்டும் சொல்லிவிடுகிறார்கள்? எனக்கு இது பெரிய ஆச்சரியமாக இருந்தது. அவர் அதட்டுவதில்லை, நைச்சியமாகப் பேசுவதுமில்லை. கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். சொன்ன பிறகு அதை வைத்து யாரையும் மட்டமாகப் பார்த்ததில்லை, வெளியே போய்ச் சொன்னதுமில்லை. என்னிடம் கேட்டால் நான் இவ்வளவுதான் சொல்வேன். இது போதாது என்று எனக்கே தெரியும்.

அக்காவிடம் எதையும் சொல்லாத ஒரே ஆள் அவருடைய தம்பிதான்.

தம்பி கொல்லத்தில் இருந்தார். மரம் வாங்கி ரயிலேற்றி அனுப்புவதற்காகப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். கடலோரக் காயலும் படகும் அவருக்குப் பிடித்துப் போயிற்று. முந்திரி ஆலைக்காரர்கள், ஊர் பார்க்க வருகிறவர்கள், புதுக் கல்யாணத் தம்பதிகள், இவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு காயலில் இரண்டு நாள் மூன்று நாள் சுற்றிக் காட்டுவதற்கு ஒரு பெரிய படகு கட்டினார். அக்கா அனுப்பிய அயினி மரத்தில் கட்டியது. உள்ளே படுக்க அறை, சமைக்க இடம், குளிக்கத் தொட்டி. வீடு மாதிரிதான். கனமும் வீட்டுக் கனம். ஒரு பழைய லாரி இஞ்சினை நடுவில் வைத்து, அங்கிருந்து நீளமாக ஒரு தண்டு போட்டுத் தண்ணீருக்குள் இருந்த விசிறியைச் சுற்ற வைத்திருந்தார்கள். இஞ்சின் பாதிப் படகை அடைத்துக்கொண்டது. கிளப்பினால் படுக்கையில் கிடப்பவர் பல் கிடுகிடுக்கும். மணல்திட்டில் தண்டு இடித்து அடிக்கடி வளைந்தது.

அப்போதுதான் புது மாதிரி ஒன்று வந்திருக்கிறது என்று தம்பி தென்காசிக்கு வந்து நின்றார். ஸ்டெர்ன் டிரைவ் என்று பெயராம். இஞ்சின் படகுக்குள்ளேயே பின்பக்கத்துக் கடைசிப் பலகையை ஒட்டி உட்கார்ந்துவிடும். பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே ஒரு கால் இறங்கும். அந்தக் காலின் நுனியில் விசிறி. கால் திரும்பினால் படகும் திரும்பும், தனியாகச் சுக்கான் வேண்டாம். ஆழம் இல்லாத இடத்தில் காலைத் தூக்கிக்கொள்ளலாம். சொல்லும்போது தம்பியின் முகம் விளக்கேற்றின மாதிரி இருந்தது. கைகளால் படகு ஓட்டிக் காண்பித்தார்.

அக்கா முழுக்கக் கேட்டார். "இதுல என்ன குறைலே?"

தம்பியின் கை அப்படியே இறங்கிவிட்டது. "ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமே இல்லாம ஒரு இஞ்சினா?"

"உனக்கு எதுதான்க்கா நல்லா இருந்திருக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். நாற்பதை நெருங்கிய மனிதர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி வாசல் தூணில் சாய்ந்து நின்றார்.

ஆடியில் அந்த இஞ்சினை விற்கிற ஏஜெண்டு குற்றாலத்துக்குக் குளிக்க வந்தார். கொச்சிக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். அருவிக்கரைக்குப் பக்கத்தில் தெரிந்தவர்களின் பங்களா ஒன்றில் அக்கா சமையலுக்கு ஏற்பாடு பண்ணினார். ஆங்கிலக் காகிதங்களைப் படித்துச் சொல்ல நான். சாரல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. ஏஜெண்டு மெயினருவியில் குளித்துவிட்டுத் தலையில் எண்ணெய் மினுக்கத்தோடு வந்து பாயில் உட்கார்ந்தார். சாப்பாடு முடிகிற வரைக்கும் அக்கா இஞ்சினைப் பற்றிப் பேசவே இல்லை. மங்குஸ்தான் பழத்தை உடைத்து உடைத்து அவர் பக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு கேட்டார். ஏஜெண்டு சிரித்தார். "குறையா? அம்மா, வெளிநாட்டுச் சாமான்."

அக்கா எழுந்து போய் முற்றத்தில் கிடந்த ஒரு பலகைத் துண்டை எடுத்து வந்தார். பங்களாவை ஒட்டி வாய்க்கால் ஓடியது. தேங்கி நின்ற இடத்தில் பலகையை மிதக்கவிட்டு, அதன் ஒரு கடைசியில் கல்லை வைத்தார். கல் இருந்த பக்கம் முங்கியது, மறுபக்கம் மேலே தூக்கியது.

"பூராப் பாரத்தையும் கொண்டுபோயி பின்னால வைக்கச் சொல்லுதிய. முன்னால மூக்கு தூக்காதா?"

ஏஜெண்டு குனிந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தூக்கும்" என்றார். "தண்ணித் தொட்டியை முன்பக்கம் மாத்திட்டா சரியாயிடும்."

"வேற?"

"கால் வெளியே போற துளையில ஒரு ரப்பர் உறை இருக்கும். அது நைஞ்சா படகுக்குள்ள தண்ணி வரும். அப்பப்ப பார்த்து மாத்தணும்."

"வேற?"

மழை வலுத்தது. ஏஜெண்டு கையில் வைத்திருந்த பழத்தைத் தின்னாமல் உருட்டிக்கொண்டிருந்தார். தம்பியை ஒருமுறை பார்த்தார். பிறகு அக்காவிடம் சொன்னார்: "காலுக்குள்ள பல்சக்கரம் இருக்கும்மா. அதுல ரெண்டு தினுசு உண்டு. ஒண்ணுல விசிறி சின்னது, வேகமாச் சுத்தும். லேசான படகுக்கு உள்ளது. இன்னொண்ணுல பெரிய விசிறி, மெதுவாச் சுத்தி, பிடிச்சுத் தள்ளும். உங்க படகுக்கு அதுதான் வேணும். ஆனா கொச்சியில கைவசம் இருக்கது லேசான படகுக்கு உள்ளதுதான். மத்ததை வெளிநாட்டுல இருந்து வரவழைக்கணும். அனுமதி வாங்கி, கப்பல் வந்து… அடுத்த வருஷம் ஆகலாம்."

"ரேக்ளா மாட்டைக் கொண்டாந்து நெல்லு வண்டியில பூட்டுன மாதிரி."

"அதேதாம்மா. ஓடப் பார்க்கும், இழுக்காது. விடாம முடுக்கினா இஞ்சின் சூடாகிப் பிடிச்சுக்கும்."

விற்க வந்த மனிதர் ஒரு விற்பனையைத் தானே கெடுத்துக்கொண்டு, பழத்தைத் திருப்தியாக வாயில் போட்டுக்கொண்டார். அக்கா தம்பி பக்கம் திரும்பினார்.

"கனத்த படகுக்கு உள்ளதையே வரவழைச்சிரு. ஒரு வருஷம் போனாப் போகுது. என்னலே?" என்றார் அக்கா.

"சரிக்கா."

ஐப்பசி மழை விட்டிருந்த நேரம் கொல்லத்திலிருந்து ஆள் வந்து சொன்னது: புது இஞ்சின் மாட்டியாகிவிட்டது, எல்லாரும் வந்து முதல் சவாரி போகவேண்டும். ரயிலடியில் எங்களை அழைத்துப் போக வந்த தம்பியிடம் அக்கா, "அதுக்குள்ளயா வந்துட்டு?" என்று கேட்டார்.

"கப்பல் சீக்கிரம் வந்துட்டுக்கா."

அக்கா அவரைப் பார்த்தபடி நின்றார். கேள்வி வாய் வரைக்கும் வந்ததை நான் கண்டேன். ஆனால் அன்றைக்கு அவர் கேட்கவில்லை. தம்பி புது வேட்டி கட்டியிருந்தார். படகுக்கு மாலை போட்டிருந்தது. கொழுந்தன் மகளும் அவள் புருஷனும் இன்னும் சில உறவுக்காரர்களும் ஏறினார்கள். அக்கா தேங்காய் உடைத்தார். தண்ணித் தொட்டி முன்பக்கம் மாற்றப்பட்டிருந்தது, அதைக் கவனித்தேன்.

படகு போன போக்கு சுகமாகத்தான் இருந்தது. ஆட்டமில்லை, சத்தமும் குறைவு. காயலின் இரு பக்கமும் தென்னைகள் ஓடின. கொழுந்தன் மகள் புளியோதரையை இலையில் வைத்துக் கொடுத்தாள். ஆறுகள் எல்லாம் மழைத்தண்ணீரைக் கொண்டுவந்து காயலில் கொட்டிக்கொண்டிருந்தன. கடல் உள்வாங்குகிற வற்ற நேரம் வேறு. அந்தத் தண்ணீரெல்லாம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எங்களையும் அதுதான் கொண்டுபோனது என்பது, திரும்புவதற்காகப் படகை வளைத்த பிறகுதான் புரிந்தது.

படகை ஓட்டிய மலையாளி இஞ்சினை முடுக்கினார். சத்தம் கூடியது. கரையில் ஒரு தென்னையில் கிழிந்த வலை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அது எங்களுக்கு நேராகவே நின்றது. நகரவில்லை. இன்னும் முடுக்கினார். வலை கொஞ்சம் முன்னால் போனது. தென்னை எப்படி முன்னால் போகும் என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, நாங்கள்தான் பின்னால் போகிறோம் என்று தெரிந்தபோது கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். பின்பக்கம் அலை உடைகிற ஓசை கேட்டது. கருகின எண்ணெய் வாடை வந்தது. யாரோ ஒரு பெண் முருகா முருகா என்றாள்.

தம்பி இஞ்சின் மூடியின்மேல் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். சுட்டிருக்கவேண்டும். எடுக்கவில்லை. அக்கா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து அவர் பக்கத்தில் போனார்.

"என்ன குறைலே இதுல?"

"ஒண்ணுமில்லக்கா."

"தம்பி."

"சரியாயிரும்க்கா. இன்னும் கொஞ்சம் முடுக்கினா…"

அக்கா அங்கேயே நின்றார், அவ்வளவுதான். தம்பி எல்லாரும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்: "இது லேசான படகுக்கு உள்ள காலுக்கா. அந்தக் கொச்சிக்காரர் தரமாட்டேன்னாரு. நான்தான் மல்லுக்கு நின்னு வாங்கிட்டு வந்து மாட்டினேன். இது எதுத்து ஏறாது. இன்னும் முடுக்கினா பிடிச்சிக்கிடும்."

அக்கா உடனே படகோட்டியிடம் திரும்பினார். "கேட்டியளா? முடுக்காதீங்க. எதுத்துப் போகாது. வேற என்ன வழி?"

படகோட்டி இதற்காகவே காத்திருந்தவர் போல வேகத்தைக் குறைத்தார். "அது பறஞ்ஞால் மதி", அதைச் சொன்னால் போதுமே என்று சொல்லி, எதிர்ப்பதை விட்டுவிட்டுப் படகைக் குறுக்கே திருப்பினார். தண்ணீரின் ஒழுக்கு எங்களைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே போக, படகு ஒரு ஓரமாக, ஒரு ஓரமாக ஒதுங்கியது. முகத்துவாரத்துக்கு முன்னால் ஒரு மணல்திட்டு இருந்தது. தண்ணீரின் நிறம் மாறியதும் படகோட்டி கத்தினார். தம்பியும் பி.ஏ. மாப்பிள்ளையும் சேர்ந்து இழுத்துக் காலைத் தூக்கினார்கள். அடிப்பலகை மணலில் உரசிக்கொண்டே போய் நின்றது.

பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

கடல் பொங்கி ஏற்றம் வருகிற வரைக்கும் அங்கேதான் இருக்கவேண்டும் என்றார் படகோட்டி. முழங்கால் தண்ணீரில் இறங்கித் திட்டுக்கு வந்தோம். கொழுந்தன் மகள் மிச்சமிருந்த சோற்றைப் பகிர்ந்து கொடுத்தாள். உறவுக்காரர்களில் ஒருவர் தம்பியைத் திட்ட ஆரம்பிக்க, அக்கா, "அவன்தான் சொல்லிட்டாம்லா, விடுங்க" என்று நிறுத்தினார். தம்பி திட்டின் அந்தக் கடைசியில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் கழித்து அக்கா அவர் இருந்த இடத்துக்குப் போனார். தம்பி பேசுவதும், அக்கா நின்றபடியே கேட்பதும் தூரத்திலிருந்து தெரிந்தது. காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் ஏற்றம் வந்து படகைத் தூக்கியது. வந்த ஒழுக்கோடு சேர்ந்து மெல்லக் கரை சேர்ந்தோம்.

மறுநாள் ரயில் ஆரியங்காவு தாண்டுகிற வரைக்கும் அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர், நான் கேட்காமலே சொன்னார்.

"நேத்து திட்டுல தம்பி சொன்னான். நான் கேக்கும்போது என் முகம் எங்க அப்பா முகம் மாதிரி ஆயிருதாம், சார்வாள்."

நான் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தேன்.

"எங்க அப்பாவுக்கும் மர யாவாரம்தான். அவனை மரம் அளக்கிற கோலால அடிப்பாரு. என்ன தப்புப் பண்ணின, சொல்லு, சொல்லுன்னு கேட்டுக் கேட்டு அடிப்பாரு. சொன்னாலும் அடி, சொல்லாட்டாலும் அடி. நான் பக்கத்துலதான் நிப்பேன்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எங்கிட்ட எல்லாரும் சொல்லிட்டுப் போறாகளே, இவனுக்கு மட்டும் என்னன்னு நெனப்பேன். இவனுக்கு மட்டும்தான அந்த முகம் தெரியும்?"

தை மாதம் தம்பி தென்காசிக்கு வந்தார். அந்தக் காலைக் கழற்றிக் கொச்சிக்கே திருப்பி அனுப்பியாகிவிட்டது. சரியானதற்கு ஆர்டர் போடவேண்டும், அதற்குமுன் அக்காவிடம் ஒரு வார்த்தை. என்னையும் காகிதங்களோடு கீழே கூப்பிட்டார்கள். வழக்கமாக அக்கா எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். அன்றைக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தம்பி உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் பக்கத்திலேயே, தெருவைப் பார்க்கிற மாதிரி போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் தெருவைப் பார்த்தபடி இருந்தார்கள். நான் பின்னால் மேஜையருகே இருந்தேன். எனக்கு அவர்கள் முதுகுதான் தெரிந்தது.

அக்கா கேட்டார். ஒரு மாட்டுவண்டி தெருவைக் கடந்து போயிற்று.

"மெதுவாத்தான் போகும்க்கா" என்றார் தம்பி. "பெரிய விசிறி பாரு. வேகம் வேணும்னு வாரவன் நம்ம படகுல ஏறமாட்டான்."

"ம்."

"கால் கனம் ஜாஸ்தி. தூக்க ரெண்டாள் வேணும். ரப்பர் உறையை நான் மாசாமாசம் குனிஞ்சு பாக்கணும். மறந்துட்டேன்னா உள்ள தண்ணி வந்துரும். நான் மறக்கக்கூடிய ஆளுதான், உனக்குத் தெரியும்."

"ம்."

"உப்புத் தண்ணியில அரிக்கும். பெயிண்டு அடிச்சிக்கிட்டே இருக்கணும்."

"சரி. அதையே வரவழைச்சிரு."

அதையேதான் வரவழைத்தார்கள். அடுத்த வருஷம் வந்தது. படகு மெதுவாகத்தான் போயிற்று. வெள்ளம் வந்த காலத்திலும் எதிர்த்து ஏறி வந்ததாகச் சொன்னார்கள். நான் அதற்குள் மாற்றலாகி வேறு ஊர் போய்விட்டேன். அதில் ஏறிப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை.

ஆனால் அந்தத் தை மாதக் காலையில் பேச்சு அதோடு முடியவில்லை. நான் காகிதங்களை மடித்துக்கொண்டு எழுந்திருக்கப் போனேன். தம்பி தெருவைப் பார்த்தபடியே, "இன்னொண்ணு இருக்குக்கா" என்றார். "இஞ்சினு சமாச்சாரமில்ல."

"சொல்லு."

"எனக்கு நீந்தத் தெரியாது."

வருஷக்கணக்காகக் காயலில் படகு விட்டுப் பிழைக்கிறவர். அக்கா முந்தானையில் ஒட்டியிருந்த மரத்தூளை விரலால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கும்தாம்லே" என்றார்.

தம்பி திரும்பி அக்காவைப் பார்த்தார். "அன்னைக்குப் படகுல அப்படி நின்னியே!"

"வேற எங்கன போயி நிக்க?"

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. இரண்டு முதுகும் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் மேஜையருகே நின்றேன்.